படுத்த முள்

ஜனவரி. நண்பகல். இருட்டு.
பாரெண்ட்ஸ் கடலோரம் ஸ்டோர்னெஸ்,
ஒரே ரன்வே, இரு முனையிலும் தண்ணீர்.
கோபுரத்துப் பெண்குரல் சொன்னது:
"சரிவுக்கதிர் இல்லை. லோக்கலைசர் மட்டும்."
கடையில் பால் தீர்ந்துவிட்டது
என்று சொல்கிற அதே குரல்.

இறங்க இரண்டு முட்கள் வேண்டும்.
நின்ற முள் இடம் வலம் காட்டும்,
படுத்த முள் மேல் கீழ்.
இன்று படுத்த முள்மேல் சின்னச் சிவப்புக் கொடி.
ஆன்டெனா முன்னால் பனி குவிந்துவிட்டது;
தரையில் பட்டுத் தெறித்துத்தான் கதிர் சரிவாகிறது,
தரை உயர்ந்தால் சரிவு பொய்.
அந்தப் பெட்டிக்கு ஒரு குணம்:
தன் சொல் கோணுகிறதென்று தெரிந்தால்
தானே வாயை மூடிக்கொள்ளும்.
அப்படிப்பட்ட மனிதர் எத்தனை பேரைத் தெரியுமென்று
எண்ணத் தொடங்கினேன்.
"செக்லிஸ்ட்" என்றார் ஒட்னி.

அவர் ஓட்டுவார், நான் எண்ணுவேன்.
ஆறு மைல்: ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது.
கடிகாரத்தை அழுத்தினேன்.
ஐந்து: ஆயிரத்து அறுநூற்று நாற்பது.
"நாற்பதடி மேலே."
ஒரு மயிரிழை இறக்கினார்.
"ஆன்டே, இன்னும் சத்தமாக."
நான்கு: ஆயிரத்து முந்நூற்று இருபது. சரி.
இல்லாத சரிவை எண்களால் கட்டிக்கட்டி
ஈரம் காயுமுன் அதன்மேலேயே இறங்கினோம்.

பின்னால் பதினேழு பேர்.
ஆல்டாவில் தோற்றுத் திரும்பும் ஹேண்ட்பால் சிறுமிகள் பதினொன்று,
தோல்வியால் சத்தம் குறையாதவர்கள்.

மூன்று மைல், ஆயிரம் என்றேன்.
சொன்ன வாய் மூடுமுன்
தூரக்காட்டியில் எண் போய் வெறும் கோடுகள்.
அதுவும்.

வரைபடத்தின் அடியில் இரண்டு வரிகள் உண்டு:
தூரம் தெரிந்தால் எல்லை ஐந்நூற்று இருபது,
தெரியாவிட்டால் எழுநூறு.
இரண்டாவதை யாரும் விரும்பிப் படிப்பதில்லை.
ஒட்னி மனப்பாடமாகச் சொன்னார்.

எழுநூறில் சமன்.
விளக்கொளியில் பனி நேரே கண்ணுக்குள் வந்தது.
இரண்டு நிமிடம் நாற்பது.
ஐம்பது.
இன்னும் ஓர் ஐம்பதடி, கீழேதான் இருக்கும்
என்கிறது நெஞ்சு.
நெஞ்சுக்குச் சிவப்புக் கொடி கிடையாது.

மூன்று நிமிடம்.
"ஒன்றும் தெரியவில்லை."
"கோ அரவுண்ட்" என்றார்,
சாப்பாட்டு மேசையில் உப்பைக் கேட்பதுபோல.
மூக்கு உயர்ந்தது. சிறுமிகள் கத்தினார்கள்,
ராட்டினத்துக்குக் காசு கொடுத்தவர்களைப்போல.

இருபத்திரண்டு நிமிடம் கடல்மேல் சுற்றினோம்.
எரிபொருள் கணக்கு: இன்னும் ஒரு முறை,
இல்லையேல் கிர்கெனெஸ்.
அதே கொடி, அதே கோடுகள், அதே கடிகாரம்.
பனிமேகம்தான் கிழக்கே நகர்ந்திருந்தது.
இரண்டு நிமிடம் மூன்று நொடியில்
ஒரு விளக்கு. பிறகு வரிசை.
அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை.
விளக்குகள் இருந்தன, இறங்கினோம்.

காபி இயந்திரத்தருகே யல்மார் நின்றார்,
ஆன்டெனாக்காரர்,
முழங்கால்வரை பனி, கையில் மண்வெட்டி.
"முதல்முறை நீங்கள் வந்தபோது
அள்ளிக்கொண்டிருந்தேன்.
சத்தம் நெருங்கியதும்
நெற்றிவிளக்கை அணைத்துவிட்டேன்."

ஏன் என்றேன்.

"ரன்வே விளக்கென்று நினைத்துவிட்டால்?"

ஒட்னி தன் கோப்பையை அவரிடம் கொடுத்தார்.
இன்னொன்றுக்குப் பொத்தானை அழுத்தினார்.