மற்றவை

புரொஜெக்டர் சூடாக நாலு நிமிடம் பிடிக்கும்.
அதற்குள் வருகைப் பதிவேடு,
லோகித்தின் காணாமல்போன பேனா,
ஜன்னலை மறைக்க ஒரு பழைய ஃபிளெக்ஸ் பேனர்.
யார் வீட்டு மஞ்சள்நீர் விழாவோ,
சிரிக்கும் முகம் சிதம்பரம் சாலையைப் பார்க்க
வெள்ளை முதுகு எங்களுக்கு.

ஏழாம் வகுப்பு ‘பி’. பாடம்: காற்று.
ஞாயிறு இரவு பதினொன்றுவரை உட்கார்ந்து செய்தது.
தலைப்பு சுழன்று வந்து அமரும்.
இரண்டாம் ஸ்லைடில் மேகங்கள் இடமிருந்து வலம் போகும்.
மேகத்துக்கு மட்டும் நாற்பது நிமிடம்.
அடுப்படியில் பால் பொங்கி வழிந்தது அந்த நாற்பதில்தான்.

மூன்றாவது, வட்டப் படம்.
நீலம் நைட்ரஜன், எழுபத்தெட்டு.
பச்சை ஆக்சிஜன், இருபத்தொன்று.
ஆர்கான் ஒரு கீற்று.
கார்பன் டைஆக்சைடு அதிலும் மெலிவு.
கடைசியாக, சாம்பல் நிறத்தில்,
கண்ணைச் சுருக்கினால் தெரிகிற
‘மற்றவை’.

எழுதிக்கொள்ளுங்கள் என்றேன்.
யாரும் எழுதவில்லை.
அண்ணாந்திருந்தார்கள் அத்தனை பேரும்.
புரொஜெக்டருக்கும் திரைக்கும் நடுவில்
ஒளிக்குள் தூசு போய்க்கொண்டிருந்தது.
நீலத்தில் நுழைந்து நீலமாகி
பச்சையில் கொஞ்சம் நின்று
எங்கோ போய் அணைந்து.
என் மேகங்களைவிட நன்றாகவே நகர்ந்தது.

அப்போது வந்தது அது.
மதியம் கொண்டல் எழுந்தால்
கடலிலிருந்து கிளம்பி, உப்பனாறு தாண்டி,
சிப்காட் வழியாகத்தான் எங்களிடம் வரவேண்டும்.
வரும்போது கையை வீசிக்கொண்டா வரும்?
சொல்லாமலே கடைசி பெஞ்சு எழுந்து
பேனர் ஓரத்தில் செங்கல்லை நகர்த்தி வைத்தது.

மூக்கைப் பொத்தியவர் யாருமில்லை.
மாற்றலாகி வந்த மாதம் பொத்தியது நான்தான்.
இவர்களோ பெயர் வைத்திருக்கிறார்கள்.
“நெயில் பாலிஷ்டா.”
“அது நேத்து ராத்திரி. இது ஊறப்போட்டு மறந்த துணி.”
“போடா, ரப்பர்.”

பவதாரணி கை தூக்கினாள்.
“மிஸ், இது எந்தக் கலர்?”

சிவப்பு லேசர் புள்ளியைக் கொண்டுபோய்
சாம்பலின் மேல் வைக்கப் பார்த்தேன்.
புள்ளி பெரிது. சாம்பல் மறைந்துபோயிற்று.
“மற்றவைலயா?”
இருக்கலாம்மா.
“அவ்ளோ சின்னதுலயா மிஸ்?”

மணி அடித்தது. என்னைவிட மணிக்கு இரக்கம் அதிகம்.

இரவு கோப்பைத் திறந்தேன்.
வட்டத்தைச் சொடுக்கினால் எண்களின் அட்டவணை.
ஒரு வரிசை சேர்த்தேன்.
பெயர்க் கட்டத்தில் ஆலையின் பெயரை அடித்தேன்,
லோகித் அப்பாவுக்கு அங்கேதான் இரவு ஷிப்ட்,
அழித்தேன்.
நாற்றம் என்று அடித்தேன்.
ஒரு காலத்தில் பூவுக்கு இருந்த சொல்,
அதை இதற்குக் கொடுக்க மனம் வரவில்லை.
வாடை என்றேன். அது வடக்குக் காற்றும்தான்.
ஆனால் இது கிழக்கிலிருந்தல்லவா வருகிறது.

எண் கட்டத்தில் கேள்விக்குறி போட்டேன்.
கேள்விக்குறியைப் பூஜ்யமாக எடுத்துக்கொண்டது.
வட்டம் அசையவில்லை.
ஐந்து போட்டேன்.
நீலம் சட்டென்று ஒதுங்கி இடம்விட்டது,
பேருந்தில் கர்ப்பிணிக்கு விடுவதுபோல.
யார் அளந்த ஐந்து?
பின்வாங்கினேன்.
சேமிக்கவா என்று கேட்டது. வேண்டாம்.

மறுநாள் மேற்கிலிருந்து காற்று. வாசம் ஏதுமில்லை.
மூன்றாம் ஸ்லைடு வந்ததும்
விசைப்பலகையில் ஒரே ஒரு எழுத்தைத் தட்டினேன்.
திரை முழுக்க வெள்ளை.
வயர் கழன்றுவிட்டதென்று லோகித் ஓடி வந்தான்.
இல்லை, உட்கார் என்றேன்.
காற்றில் என்னென்ன இருக்கிறது, எழுதுங்கள்.
அண்ணாந்து பார்த்தும் எழுதலாம்.

முப்பத்தாறு நோட்டுகள்.
இருபத்திரண்டில் எழுபத்தெட்டு, இருபத்தொன்று.
ஒன்றில் சாக்பீஸ்.
ஒன்றில் கருவாடு, அதன் பக்கத்தில் இதயம்.
பவதாரணி ஒரு வட்டம் வரைந்து
உள்ளே எதுவும் பிரிக்காமல் விட்டிருந்தாள்.
லோகித் எழுதியது ஒரே வரி:
எங்கப்பா சட்டை.

சிவப்பு மை திறந்தபடி இருக்கிறது.
மதிப்பெண் ஐந்துக்கு.