ரெண்டு சுழி

வெள்ளவத்தையில் இறங்கும்போதே தெரிந்துவிடும்
இன்றைக்கு எத்தனை பேரை மென்றிருக்கிறேன் என்று.
காதுக்கு முன்னால் ஒரு புளியங்கொட்டை,
இரண்டு பக்கமும்.
பஸ் குலுங்கும். அது குலுங்காது.

புதுக்கடை நீதிமன்றத்தில் என் வேலை
மற்றவர்களின் ‘நான்’.
காலை பத்தரைக்கு
நான் அவனை வெட்டவில்லை என்றேன், சிங்களத்தில்.
பதினொன்றுக்கு
நான் காசோலை எழுதும்போது கணக்கில் பணம் இருந்தது.
மதியத்துக்கு முன் இரண்டு தடவை விவாகரத்துக் கேட்டேன்,
ஒரு தடவை மறுத்தேன்.
எனக்குக் கல்யாணமே ஆகவில்லை.

பல்லைக் கடிச்சுக்கொண்டு இரு என்பது
எங்கள் வீட்டில் காய்ச்சலுக்கும் மருந்து
கலவரத்துக்கும் மருந்து.
சொன்னபடியே இருந்தேன்.
சோதனைச் சாவடிக் காலத்தில்
பஸ்ஸுக்குள் போன் அடித்தால்
‘பிறகு எடுக்கிறன்’ என்பதைப்
பல்லிடுக்கால் மட்டும் வெளியே விட்டேன்.
சாவடிகளைக் கழற்றிக்கொண்டு போனார்கள்.
தாடைக்கு யாரும் அறிவிக்கவில்லை.

போன மாசி மாதம்
கடைவாய்ப் பல் ஒன்று
நித்திரையில் பிளந்தது.

டொக்டர் றிஸ்மியா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து
“இரவில ஆரோட சண்டை?” என்றார்.
பிறகு சொன்னார்:
“பல்லும் பல்லும் சந்திக்கிறது சாப்பிட மட்டும்தான்.
மற்ற நேரம் உதடு மூடி, பல்லு விலகி,
‘ன’ சொல்லுற இடத்தில நாக்கு சும்மா கிடக்கவேணும்.”
எந்த ன, என்று கேட்டேன்.
தொழில் புத்தி.
எங்களிடம் மூன்று இருக்கிறதே.
அவர் மூன்றையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்து
“ரெண்டு சுழி” என்றார்.

இரவு.
துவாயைச் சுடுதண்ணியில் நனைத்துப் பிழிந்து
கன்னத்தில் ஏந்துகிறேன்.
ஜன்னலுக்குக் கீழே தண்டவாளம், அதற்கப்பால் கடல்,
இரண்டும் உப்பில் ஊறிய சத்தம்.
நல்லெண்ணெய் இரண்டு சொட்டு.
கன்ன எலும்பின் கீழே இரண்டு விரல்.
ரொட்டிக்கு மா பிசைகிற கை இல்லை இது.
தூங்குகிற பூனையை எழுப்பாமல்
அதன் கழுத்தைத் தடவுகிற கை.
சின்ன வட்டம், ஒரு மூச்சுக்கு ஒன்று.
பிறகு மெல்ல மெல்ல
தாடையின் மூலைவரை இறக்கி விடுதல்.

வலப்பக்கம் கேட்கிறது.
இடப்பக்கத்தில்தான்
இன்று பின்னேரம் இருக்கிறது.

மட்டக்குளியிலிருந்து வந்த பெண். யோகமலர்.
அன்றிரவு உங்கள் மகன் வீட்டில் இருந்தானா?
அரச சட்டத்தரணி கேட்டார், நான் தமிழில் கேட்டேன்.
அவர் என்னைத்தான் பார்த்தார்.
நாக்கை அண்ணத்தில் ஒட்டி எடுத்து
‘ச்’ என்றார்.
அவ்வளவுதான்.

“முதலியார், என்ன சொன்னார்?”
நீதிபதியின் பேனை நின்றுகொண்டிருந்தது.

சிங்களத்திலும் அது ‘ச்’தான்.
அறையில் எல்லாருக்கும் கேட்டது.
ஆனால் அது இல்லையா, பாவமா,
விடுங்கோ பிள்ளையா,
இனி என்ன இருந்தென்னவா?
ஒவ்வொன்றுக்கும் அந்தப் பெடியனுக்கு
வேறு வேறு வருடங்கள்.

பதில் இல்லை, என்றேன்.
பதில் இல்லை, என்று தட்டெழுதினார்கள்.

இடப்பக்கம்.
வட்டம். மூச்சு.
அழுத்தவேண்டும்போல் இருக்கிறது,
அழுத்தவில்லை.
காலிப் பக்கம் போகிற ரயில்
கண்ணாடிக் கதவை ஒருமுறை நடுக்கிவிட்டுப் போகிறது.
பற்களுக்கு நடுவே
ஒரு அரிசி நுழையுமளவு இடம்.
பிறகு ஒரு கொட்டாவி,
கண்ணில் தண்ணீர் வருமளவுக்கு.

நாக்கு ரெண்டு சுழியில் கிடக்கிறது.
சும்மாதான் கிடக்கிறது.
அங்கிருந்து
நான் சொல்லாமலே
‘ச்’.

யாருடையது என்று
கேட்க இங்கே யாருமில்லை.

துவாய் ஆறிவிட்டது.
இன்னொரு தரம் நனைக்க எழும்புகிறேன்.