செகண்ட்ஸ்

இருநூறு பனியன், நெஞ்சில் ஓர் ஊர்ப்பேர்.
வலமிருந்து வரவேண்டிய எழுத்தைக்
கம்ப்யூட்டர் இடமிருந்து அடுக்கிவிட்டது;
ஒன்றின் கையை ஒன்று விட்டுவிட்டு நின்றது.

"ஆருங்க இதைப் படிக்கப்போறா?"
பிரிண்டிங் பட்டறையில் என் வாய் சும்மா இராது.
கல்தேயர் ஷமூன் யல்தா சிரிக்கவில்லை.
"வீட்டைத் திருப்பிக் கேட்டு மனுப் போட்டோம்.
அரபியில்தான் வாங்கினார்கள்.
சட்டையிலாவது எங்கள் எழுத்து."

இரவோடு இரவாக மறுபடி அடித்தேன்.
சாயத்துக்கு மட்டும் காசு.

கெட்டதெல்லாம் காதர்பேட்டைக்குப் போயிற்று,
கிலோக் கணக்கில்.

நேற்றுப் பல்லடம் பஸ்ஸில்
ஒரு பையன் நெஞ்சில் தெல்கேப்,
பின்பக்கமாய் நடக்கிற தெல்கேப்.
"தம்பி, அது ஒரு ஊரு."
குனிந்து பார்த்தான்.
"டிசைன்னு நெனச்சனுங்க."
விரலால் ஒருமுறை தடவினான்.

கண்டக்டர் வந்து நின்றார்:
எந்த ஊரு?