வெட்டிய ஜன்னல்

நாலு வருஷம் முட்டை ஏற்றிய வண்டி.
சோப்பு, வினிகர், மறுபடி சோப்பு.
லிங்கராஜபுரத்தில் மழை பிடித்தால்
உள்ளே இன்னும் கொஞ்சம் முட்டை.

கிரைண்டர் சத்தத்துக்குக்
கன்னடத்தில் கத்திக்கொண்டு வந்த எதிர்வீட்டு நஞ்சப்பா
தகரம் ஆடுவதைப் பார்த்து
ஒரு ஓரம் பிடித்துக்கொண்டார்,
திட்டை நிறுத்தாமல்.

கட்டில் ஐந்தரை அடி.
ரெஜினாவுக்குச் சரி.
நான் முழங்கால் மடக்கவேண்டும்.
அளவெடுத்தவள் அவள்.

கோகர்ணா, அப்புறம் ஹம்பி.
ஆர்.டி.ஓ. காகிதம் வரட்டும்.

நேற்று ராத்திரி கரண்ட் இல்லை.
சந்தைவிட்டு நகராத வண்டியில் படுத்தோம்.
ஜன்னலுக்குக் கண்ணாடி இன்னும் வரவில்லை,
கொசு மட்டும் வந்தது.

இரண்டு மணிக்கு
எதிரே ஒரு சமையலறை பளிச்சென்று எரிந்தது.
அணைக்க மறந்த எங்கள் விளக்கு.

"பாரேன்," என்றாள் தூக்கத்தில்,
"யாரோ முழிச்சிருக்காங்க."