இடது சுட்டுவிரல்

ஐந்து நாற்பதுக்குப் பட்டர்வொர்த் முனையில்
தொழிற்சாலை பஸ் வந்து நின்றது.
பதினோரு மாதத்தில் என் இருக்கையின் தலைமாட்டில்
யாரோ ஒருத்தியின் எண்ணெய்க் கறை.
பின்னால் போய் உட்கார்ந்தேன்.

பாலத்தின் மேல் போகையில்
கடல் இன்னும் கறுப்பு.
வலது கையைச் சட்டைப் பைக்குள் வைத்திருந்தேன்,
திருடியதை ஒளிப்பவனைப் போல.
பக்கத்து இருக்கை மாரிச்செல்வி
"பசியாறிட்டீங்களாண்ணே?" என்றாள்.
வேறு எதையும் கேட்காததற்கு
அவளுக்கு நான்
ஒரு நாசி லெமாக் பொட்டலம் கடன்.

பாயான் லெப்பாஸ் கேட்டில்
வருகைப் பதிவு மெஷின் பச்சையாய்க் கண் சிமிட்டியது.
பழக்கதோஷம். வலது பெருவிரலை நீட்டினேன்.
நீட்டியது
பெருவிரல் இருந்த இடத்தை.

'சிலா சூபா லாகி' என்றது.
மறுபடி முயலுங்கள் என்று
மலாயில், பெண் குரலில், மரியாதையாக.
பின்னால் ஏழு மணி ஷிப்டின் வரிசை.
யாரும் இருமவில்லை.
யாராவது இருமியிருக்கலாம்.

பதினோரு மாதமும் மறுபடி முயன்றதுதானே.
சட்டைப் பொத்தான். சாவித் துவாரம்.
துணிக்கவ்வியை டப்பாவிலிருந்து எடுத்துக்
கம்பியில் மாட்டு,
கம்பியிலிருந்து கழற்றி டப்பாவில் போடு.
நாற்பத்தாறு வயதில் இடது கையால்
என் பெயரை எழுதிக் காட்டினேன்,
பேங்கில் இது உங்கள் கையெழுத்தில்லை என்றார்கள்.
இடது கையால் நான் உண்பதைப் பார்க்க
என்னைவிட அதிக நாள் பழக வேண்டியிருந்தது
கோகிலவாணிக்கு.

கோயில் கமிட்டிச் செயலாளர்
ஆறுதலாக ஏகலைவன் கதை சொன்னார்.
அவன் கொடுத்தான், ஐயா.
நான் ஓவர்டைம் கேட்டேன்,
அவ்வளவுதான்.

சொக்சோவிலிருந்து ஹலிசா வந்தார்.
வந்தவர்கள் எல்லாரும்
எத்தனை விரல் போயிற்று என்று கேட்ட வீட்டில்
அவர் மட்டும்
பிரஸ்ஸில் அச்சு தேய்ந்தால்
உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார்.
சத்தத்தில், என்றேன்.
எப்படிப்பட்ட சத்தம்?
சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார்.
தே ஆறிப்போய் ஆடை படியும்வரை
இரண்டு பக்கம் எழுதிக்கொண்டார்.

அந்த இரண்டு பக்கத்தில் கிடைத்ததுதான் இது:
ஏழாம் எண் பிரஸ்ஸிலிருந்து ஒன்பதடி தள்ளி ஒரு மேசை,
இடது கைக்கு ஒரு ஸ்கேனர்,
காதுக்கு முழுநேர வேலை.
சம்பளம் நூற்றெண்பது ரிங்கிட் குறைவு.
அதையும் சொல்லிவிட வேண்டும்.

பெர்சனல் ஆபீஸ் ரோஸ்னா ஓடி வந்தார்,
சாவிக்கொத்து குலுங்க, கன்னம் சிவக்க.
நேற்றே மாற்றியிருக்க வேண்டும், மறந்துவிட்டேன்,
மன்னிக்கணும், எந்த விரல் வேண்டும், என்சிக்?
வலதில் மூன்று, இடதில் ஐந்து.
எட்டையும் ஒருமுறை பார்த்துக்கொண்டேன்,
புடவைக் கடையில் நிற்பவனைப் போல.
இடது சுட்டுவிரல்.
மூன்று தடவை அழுத்தச் சொன்னது.
இரண்டாவதில் வியர்வை வழுக்கியது.
துடைத்துவிட்டு அழுத்தினேன்.
'தெரிமா காசி.'

உள்ளே, ஏழாம் எண்ணில்
இப்போது மஞ்சள் நிறத் தடுப்பு.
நான் ஆஸ்பத்திரியில் கிடந்த வாரமே மாட்டிவிட்டார்களாம்.
ஒரே வாரத்தில் மாட்டக்கூடியது.

அதன் பின்னால் நேபாளத்துப் பையன் தில்பகதூர்.
என்னைப் பார்த்ததும் வணக்கம் சொல்ல எடுத்த கையைப்
பாதியில் இறக்கிக்கொண்டான்.
கதை தெரியும் போலிருக்கிறது.

ஒன்பதே கால் இருக்கும்.
தட்டும் தாளத்துக்கு அடியில் ஒரு கரகரப்பு,
அரிசியில் கல் கடிபடுவது போல.
இரைச்சலில் வாய் எடுபடாது.
பைக்குள் இருந்த வலது கையை எடுத்துத்
தலைக்கு மேலே தூக்கினேன்,
இருக்கிற மூன்று விரலும் விரிய.

நிறுத்தினான்.