பதினொரு சதவீதம்

எஸ்.பி. ரோட்டில் மூன்றாவது கடை.
மாங்கிலால் இரண்டு சார்ஜரை எடுத்து வைத்தார்.
ஒன்று மூன்று பேட்டரியையும் ஒரே நேரத்தில் நிரப்புமாம்.
மற்றது, ஒன்றை முடித்துவிட்டுத்தான்
அடுத்ததைத் தொடும்.
முதலாவது எண்ணூறு ரூபாய் குறைவு.
கம்பெனிப் பெயரில் ஓர் எழுத்து மட்டும் மாறியிருந்தது.

குறைவானதை வாங்கினேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிறு
ஈஜிபுரா வீட்டுச் சமையல்மேடையில்
நடுப் பேட்டரி
அரைவேக்காட்டுப் பூரிபோல்
ஒரு பக்கம் உப்பிக் கிடந்தது.
மணல் நிரப்பிய பெயிண்ட் டப்பாவில் அதைப் புதைத்து
மொட்டைமாடியில் வைத்தேன்.
செடி என்று நினைத்து மேல்வீட்டுக்காரி
தண்ணீர் ஊற்றப் போனாள்.
வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக நான்
படியேறியதில்லை.

இப்போது இருப்பது இரண்டாவது வகை.
அதற்கு ஒரு குணம்:
எது ஏற்கெனவே அதிகம் நிரம்பியிருக்கிறதோ
அதைத்தான் முதலில் கவனிக்கும்.
எழுபதை நூறாக்கிவிட்டு நாற்பதுக்கு வரும்.
பதினொன்றில் கிடப்பது கடைசிவரை கிடக்கும்.
எனக்குக் கடன் மறுத்த வங்கியும் இப்படித்தான்.
ஆனாலும் திட்ட முடியவில்லை;
ஒன்றாவது சீக்கிரம் பறக்கத் தயாராகிறது.

சர்ஜாபுரா ரோட்டில் வேலை.
கட்டடம் மூன்று மாடிதான் எழும்பியிருக்கிறது.
பதினாலாம் மாடிப் பால்கனியிலிருந்து
என்ன தெரியும் என்று நான் காட்டவேண்டும்.
நாற்பத்திரண்டு மீட்டரில் ட்ரோனை நிறுத்துவேன்,
இல்லாத கைப்பிடிச் சுவரின் மேல்
இல்லாத காபி டம்ளர் இருக்கும் இடத்தில்.
கிழக்கே யூகலிப்டஸ், ஏரியில் ஒரு துண்டு,
அப்பால் இதேபோல் முளைக்கும் கம்பிகள்.
‘ஏரியைக் கொஞ்சம் பெரிசாக் காட்ட முடியுமா?’
விற்பனைப் பிரிவு ஷ்ருதி ஹெக்டே கேட்டாள்.

சாக்கெட் ஒன்றே ஒன்று,
காவலாளியின் தகரக் கொட்டகையில்.
பெயர் துரியோதன் ஜெனா.
நம்பாமல் மறுபடி கேட்டேன்.
எங்கள் ஒடிசாவில் அது வெறும் பெயர் என்றார்.
ஊசிமுனை நிலமும் தரமாட்டேன் என்றவன் பெயரை வைத்துக்கொண்டு
தன் போனைப் பிடுங்கி
இருந்த ஒரே இடத்தை எனக்குக் கொடுத்தார்.

இறங்கிய பேட்டரியைச் சூட்டோடு செருகக்கூடாது.
தண்ணீர்க் குடத்தின் மூடிமேல் வைத்து
ஆறட்டும் என்று உட்கார்ந்திருப்போம்,
என் அரைகுறை இந்தியும் அவரது முக்கால் கன்னடமுமாக.

மூன்றாம் நாள் நாலு மணிக்குக் கரண்ட் போனது.
ஜெனரேட்டர் இருந்தது. டீசல் இல்லை.
அறுபத்திரண்டில் நின்றதைக் கொண்டு
மாலை வெளிச்சத்தை எடுத்து முடித்தேன்.
ஏரி செம்புத் தட்டானது. ஷ்ருதிக்குப் பிடிக்கும்.

திரும்பினால் துரியோதன் கையில் அணைந்த போன்.
ஐந்து மணிக்குள் காண்ட்ராக்டரைப் பிடிக்கவேண்டுமாம்.
இரண்டு மாதச் சம்பளம்.
என் போனை நீட்டினேன்.
நம்பர் அவர் போனுக்குள் இருந்தது.

சார்ஜரின் ஓரத்தில் ஒரு பட்டன் உண்டு.
அழுத்தினால் வாங்கியதைத் திருப்பித் தரும்.
அதுவரை நான் தொட்டதில்லை.
மற்ற இரண்டையும் கழற்றிவிட்டு
கடைசியில் கிடந்த அந்தப் பதினொன்றை மட்டும் செருகினேன்.

போன் விழித்தது.
நடந்துகொண்டே கத்தினார், ஒடியாவில்,
ஜல்லிக் குவியலைச் சுற்றி, சிமெண்ட் மூட்டைகளைச் சுற்றி.
கேபிள் ஒரு முழம்தான்.
சார்ஜரை ஏந்திக்கொண்டு நானும் பின்னாலேயே ஓடினேன்,
பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஜோசியர் பின்னால் போகிறவள்போல.
பதினொன்று எட்டானது. ஆறானது.
இதற்கு மேல் இறக்கினால் பேட்டரி கெட்டுப்போகும்
என்று சொல்ல வாயெடுத்தேன்.
அவர் குரல் அப்போதுதான் உயர்ந்திருந்தது.

நாலில் பேச்சு முடிந்தது.
‘புதன்கிழமை தருகிறானாம்’ என்றார்.
எந்தப் புதன் என்று நான் கேட்கவில்லை.
அவரும் கேட்டதாகத் தெரியவில்லை.