இருபத்து மூன்று சரி

பிரதேச செயலக ஜீப்பில் பின் சீட்டு எனக்கு.
ஜயவீர மாத்தயா சிங்களத்தில் சொல்வதைத்
தமிழில் சொல்வது வேலை.
ஆறு மாத ஒப்பந்தம். குடை இலவசம்.

தலவாக்கலை தாண்டி, பாலம் தாண்டி,
மேட்டு லயத்துக்குப் பின்னால்
மலை ஒரு கையகலம் வாய் திறந்திருந்தது.
மாத்தயா தன் குடையை உள்ளே விட்டுப் பார்த்தார்.
கைப்பிடி மட்டும் வெளியே நின்றது.

"மழை வலுத்துச்சின்னா ராவோ பகலோ எறங்கிடணும்.
ஸ்கூல்ல போய் தங்கணும்."
முதல் காம்பரா சரிங்க என்றது.
பிள்ளைக்குப் பால் கொடுத்தபடி ஒரு சரி.
கொழுந்துக் கூடையை இறக்காமலே ஒன்று.
காது கேட்காத ஒருவர்
என் உதடு நிற்கும்வரை காத்திருந்து
சரி என்றார், எல்லோரையும்விடச் சத்தமாக.

படிவத்தில் இரண்டே கட்டம்:
உடன்பட்டார், உடன்படவில்லை.
முதல் கட்டத்தில் கோடு கோடாகப் போட்டுக்கொண்டே போனேன்.
மாத்தயா "ஹரித?" என்றார்.
"ஹரி" என்றேன்.
இந்த ஒரு சொல்லுக்கு மட்டும் நீ தேவையில்லை பார்
என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன்.
நானும் லயத்துப் பிள்ளைதான், நோர்வூட் பக்கம்.
அம்மாவின் பதினெட்டுக் கிலோவைப்
பதினாறு என்று எழுதிவிட்டுக்
கணக்கப்பிள்ளை நிமிர்ந்து பார்ப்பார்.
சரிங்க ஐயா.
அதற்கு ஒப்புக்கொண்டேன் என்று பொருளில்லை.
வரிசையில் பின்னால் ஆள் நிற்கிறது,
மழை வருகிறது, அடுப்பு பற்றவைக்க வேண்டும்
என்று பொருள்.
எனக்கு அது தெரியும்.
தெரிந்தே கோடு போட்டேன்.

கடைசிக் காம்பராவில் கிருபைமணி.
"சரியில்ல" என்றாள்.
இஸ்தோப்பில் ஈர விறகு அடுக்கியிருந்தாள்,
அதை விட்டு எழவில்லை.
"போன வருசமும் எறங்குனோம்.
மூணு ராத்திரி சிமிந்தித் தரையில கெடந்தோம்.
பெரட்டுக்குப் போகாத மூணு நாளுக்கும் பேரு போடல.
இப்ப போடுவாங்களா, கேளுங்க.
மாட்ட எங்க கட்டுறதுன்னும் கேளுங்க."

மாத்தயா கடிகாரத்தைப் பார்த்தார்.
நான் திரும்பி,
மாட்டை எங்கே கட்டுவது என்று கேட்கிறாள் என்றேன்.
மாட்டை மட்டும் மொழிபெயர்த்தேன்.

மாட்டையும் கூட்டிட்டு வரட்டும்
என்று அவர் சொன்னதைச் சொன்னேன்.
அவள் மாத்தயாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.
எங்கள் மொழியில்தானே நான் விழுங்கினேன்.
பிறகு ஒரு விறகை எடுத்து மேலே வைத்து
"சரி" என்றாள்.

இருபத்து மூன்று.

அன்றைக்கு இல்லை, ஒன்பதாம் நாள் பெய்தது.
டவுனில் வாடகை அறை, தகரக் கூரை.
தூக்கம் வராமல் சொல்லைப் புரட்டிக்கொண்டு கிடந்தேன்.
கணக்கில் சரி பார்க்கிறோம்.
சரிபாதி கேட்கிறோம், கிடைப்பதில்லை.
பொழுது சரிகிறது. தராசு சரிகிறது.
மண்ணும்,
அதே இரண்டு எழுத்தில்தான்.

ஒன்றரை மணிக்குப் படிவத்திலிருந்த நம்பரைத் தேடி அடித்தேன்.
அங்கேயும் தகரம், அங்கேயும் அதே மழை,
எது யாருடைய மழை என்றே தெரியவில்லை.
"எறங்கிட்டீங்களாக்கா?"
"மாட்ட அவுத்தாச்சு."
"நீங்க?"
யாரோ யாரையோ கூப்பிட்டார்கள். டோர்ச் தேடினார்கள்.

"அக்கா, அன்னைக்கு நான் முழுசா சொல்லல.
மூணு நாள் பேரு விசயம்.
விடிஞ்சதும் மாத்தயாகிட்ட சொல்றேன். எழுதியே குடுக்கிறேன்.
இப்ப எறங்குங்க."

மழை.
அப்புறம் அவள் குரல், கிட்டத்தில்:
"சரியா?"

என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை.
சொல்கிறவளாகவே இருந்துவிட்டேன்,
பிறர் சொன்னதை.
ஒரு மூச்சு எடுத்து
சரி என்றேன்.

லைன் அறுந்திருந்தது.
அதற்கு முன்பா, பின்பா
என்பது தெரியவில்லை.
விளக்கைப் போட்டுவிட்டு
பேனா தேடினேன்.